நேத்து வந்தானா அக்கா

நீ ஊத்துக்கா, இல்ல நீ ஊத்து, ஐயோ பெத்தவ உக்காந்துகினு இருக்கும்போது நான் எப்பிடி, அந்தப் பெத்தவதாண்டி சொல்றேன் நீ ஊத்து, கைய எடு அமரா, நீ எடுக்கா மொதல்ல, என்று எங்கள் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துகொண்டிருக்க, நடுவில் அந்தப் பித்தளைக் கெண்டி, நான்கு கிழட்டுக் கைகளுக்கிடையில் மாட்டிக்கொண்டு, அவள் என் பக்கம் தள்ள நான் அவள் பக்கம் தள்ள, மூக்கு வழியாகத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பாயை நனைக்கிறது, எதிரே பிக்கு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் சலனமில்லை, காவித் துணிக்கு வெளியே ஒரு கால்விரல் மட்டும் அசைகிறது, சாப்பாடு முடிந்துவிட்டது, இது முடிந்தால் அவர் பெங்களூர் வண்டியைப் பிடிக்க வேண்டும், பின்னால் இருந்து கோடி வீட்டுப் பாக்கியம், வாரத்துக்கு ஒருநாள் தண்ணி வர்ற ஊரு இது, சண்டைக்கே அரைக் கெண்டி போச்சு, செத்தவனுக்கு இன்னா மிச்சம் வெப்பீங்க, என்கிறாள், பெண்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள், சிரிப்பில் ஒரு கனிவும் இருக்கிறது, பாரேன் இந்த ஓர்ப்படிங்கள, விட்டுக்குடுக்கறதுக்கு எப்பிடி அடிச்சிக்கறாங்க, என்று யாரோ யாரிடமோ சொல்வது என் காதில் விழுகிறது, விழுந்ததும் என் காது மடல் சுடுகிறது, ஏனென்றால் விட்டுக்கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான், நான் அந்தக் கெண்டியைத் தொடக் கூசித் தள்ளுகிறேன். என் மகன் நாகசேனன் போய் இன்றோடு வருஷம் முடிகிறது. தானம் கொடுத்து, பிக்கு வாய் கழுவிய பிறகு, கெண்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் நூலாக ஊற்ற வேண்டும், கிண்ணம் நிறைந்து தட்டில் வழிகிறவரை அவர் ஓதிக்கொண்டிருப்பார், இங்கே செய்த நல்லது போனவனுக்குப் போய்ச் சேரட்டும் என்று, ஊற்றுகிறவளின் தோளைப் பின்னால் இருப்பவள் தொடுவாள், அவள் தோளை அடுத்தவள், அடுத்தவள் தோளை அதற்கடுத்தவள், இப்படி வாசல்வரை ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருந்தால் எல்லார் கையும் சேர்ந்து ஊற்றியதாகக் கணக்கு, ஆகவே யார் பிடித்தால் என்ன, ஒருத்தர் புடிங்கம்மா, என்று பிக்கு கண்ணைத் திறக்காமலே சொல்கிறார், அவன் உன்கிட்டதானேக்கா வர்றான், நீ ஊத்துனாதானே அவனுக்கு நெறவு, என்று அமராவதி என் காதோரம் கெஞ்சுகிறாள், அந்தச் சொல்தான், அந்த ஒரு சொல்தான் என் கையைச் சுடுகிறது.

அமராவதி என் கொழுந்தன் பெண்டாட்டி, கோலார் தங்கவயலில் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் அவள் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல, நடுச்சுவர் இடுப்புவரைதான் கல், அதற்குமேல் மண் பூசிய மூங்கில் தட்டி, தட்டிக்கு மேலே தகரம், அந்தத் தட்டி வழியாக நாற்பது வருஷம் நான் அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தேன், பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம், எங்கள் புருஷன்மார்கள் இரண்டு பேரும் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறி, நெஞ்சு இரைத்து இரைத்து ஒருவர்பின் ஒருவராகப் போன பிறகும், இந்தப் பக்கம் நான் அந்தப் பக்கம் அவள், தட்டி நடுவில். சேனாவுக்கு நாலு வயதில் திக்கத் தொடங்கியது, ஓடி வருவான், அம்மா எனக்குப் ப, ப, ப, என்று நிற்பான், முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கும், எனக்கு அடுப்பில் உலை, வாசலில் துணி, பசிக்குதா, என்று நான் முடித்துவிடுவேன், அவன் தலையாட்டுவான், உட்கார்ந்து சாப்பிடுவான், உதவி செய்வதாகத்தான் நினைத்தேன், பாவம் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போவான், தட்டிக்கு அப்பால் முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம், சின்னம்மா எனக்குப் ப, ப, என்கிறான், முறம் நிற்கவில்லை, அவள் ஒன்றும் சொல்லவில்லை, இன்னா சாமி என்றுகூடக் கேட்கவில்லை, முறம் மட்டும் சொர்ர் சொர்ர் என்று போகிறது, எனக்கு இந்தப் பக்கம் மூச்சு முட்டுகிறது, சொல்லித் தொலையேண்டி என்று பல்லைக் கடிக்கிறேன், எத்தனை நேரமோ, பிறகு அவன் குரல் வருகிறது, பம்பரம் சின்னம்மா, பம்பரம் வேணும், என்று தெளிவாக, வழுக்கிக்கொண்டு, ஓ பம்பரமா, என்று அவள் சிரிக்கிறாள், நான் பசி என்று முடித்ததற்குப் பம்பரம் கேட்க வந்த என் பிள்ளை தலையாட்டிவிட்டு ஒரு தட்டுச் சோறு தின்றிருக்கிறான்.

அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும், புரிந்தது வேறு ஒன்று, அவள் என் பிள்ளைக்கு மருந்து வைத்துவிட்டாள், சோற்றில் எதையோ கலந்துவிட்டாள், இல்லாவிட்டால் பெற்றவளிடம் திக்குகிறவன் அவளிடம் எப்படி மடை திறந்தமாதிரி பேசுவான், உன் தம்பி பொண்டாட்டி மருந்து வெச்சிட்டா, என்று என் புருஷனிடம் சொன்னபோது அவர் பீடியைத் தரையில் தேய்த்துவிட்டு, நீ ஒரு நாலு நாளைக்கு வாய மூடிக்கினு இரு, அந்த மருந்து உன் கைக்கும் தானா வரும், என்றார், அதற்கும் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. வளர வளர அவனுக்கு அங்கே திக்கு முழுதாகப் போய்விட்டது, இங்கே பேச்சு முழுதாகப் போய்விட்டது, என் வீட்டில் அவனுக்கு மூன்றே சொல், உம், இல்ல, அப்பறம், இந்த மூன்றில் எதுவும் திக்காது, அதனால்தான் அவற்றை வைத்துக்கொண்டான் என்பது எனக்கு உறைக்கவில்லை, அங்கேயோ வேலைக்குப் போன கதை, ரயிலில் தொங்கிக்கொண்டு போன கதை, மேஸ்திரி திட்டிய கதை, மேஸ்திரியின் குரலிலேயே பேசிக் காட்டுவான், அமரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போதுண்டா போதுண்டா என்பாள், நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டு ஒன்று அங்கே அவனுக்கென்றே இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் பெயர்ந்திருக்கும், அந்தப் பெயர்ந்த பக்கத்தை எப்போதும் தனக்கு எதிரே தள்ளி வைத்துக்கொள்வான், களியைக் குழித்து நடுவில் குழம்பை ஊற்றியதும் முதலில் கட்டைவிரலை நக்கிப் பார்த்து, ஆ, என்பான், இதெல்லாம் நான் எப்போது பார்த்தேன், தட்டியில் மண் உதிர்ந்து ஒரு ஓட்டை இருந்தது, அதை அடைக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டதே இல்லை. குழாயடியில் ஒருநாள், நாலு பேர் கேட்க, பெறாதவளுக்குப் பொறுமை ஜாஸ்தியாத்தான் இருக்கும், இடுப்பு நொந்திருந்தாதானே தெரியும், என்று சொன்னேன், அவள் தவலை நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு, ஆமாக்கா, எனக்கு வேற வேலை இன்னா இருக்குது, என்றாள், தவலையைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது அவள் கழுத்து நடுங்கியது, எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது, அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நல்ல தூக்கம்.

பெங்களூரில் ரூம் எடுத்துத் தங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை வருவான், என் வாசலில் பையை வைப்பான், உம் என்பான், செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கம் போவான், பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு வாரம் வரவில்லை, காய்ச்சல் என்று செய்தி வந்தது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் போனோம், போய்ச் சேர்ந்தபோது அவனிடம் பேச ஒன்றும் மிச்சமில்லை, திக்கவும் இல்லை, திக்காமலும் இல்லை. ஏழாம் நாள் தானத்தின்போது இதே பாய், இதே பிக்கு, இதே கெண்டி, அவள் எடுத்து நீட்டத்தான் வந்தாள், என்னிடம் கொடுக்கத்தான் வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது, நான் அவள் கையிலிருந்து பிடுங்கினேன், பெத்தவ நான் ஊத்தறேன், நீ யாரு, என்று பிக்குவின் முன்னாலேயே கேட்டேன், அவள் பின்னால் போய் என் தோளைத் தொட்டாள், கரப்பான் விழுந்தால் உதறுவதுபோல உதறினேன், அவளுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருக்க, அவள் கை மட்டும் என் தோளுக்கு மேலே ஒரு விரற்கடை விட்டு அந்தரத்தில் நின்றது, ஓதி முடிகிறவரை அதை அவள் இறக்கவும் இல்லை எடுக்கவும் இல்லை, அந்த உள்ளங்கையின் சூடு என் தோளில் படுவதை உணர்ந்துகொண்டே ஊற்றினேன், கிண்ணம் நிறைந்து வழிந்தது, என் மகனுக்கு நான் மட்டும் தனியாக, வேறு யார் கையும் கலக்காமல், ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை குழாயடியில், அக்கா, என்று ஓடி வந்தாள், அவன் வந்தாங்க்கா, நேத்து கனவுல வந்தான், வாசப்படியில நின்னுகினு கைய ஒதறிக்கினே வந்தான், சாப்ட்டுக் கை கழுவினாப்பல ஈரக் கையி, வயிறு ரொம்பிடுச்சி சின்னம்மா, அப்பிடின்னான், சிரிச்சிக்கினே போயிட்டான், என்றாள், சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம், தானம் போய்ச் சேர்ந்தால் செத்தவர் கனவில் வந்து சொல்லிவிட்டுப் போவார் என்று எங்கள் லைனில் எல்லாரும் நம்புவோம், என் கை ஊற்றியது, என் வீட்டு அரிசி, என் வயிற்றில் பிறந்தவன், பையை மட்டும் என் வாசலில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போவதுபோல, செத்த பிறகும் அந்த வாசலுக்கே போயிருக்கிறான், எனக்குந்தான் வந்தான், என்றேன். நாக்கு தானாகச் சொன்னது. அவள் தவலையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், நெசமாவாக்கா, இன்னா சொன்னான், என்றாள், அம்மா நல்லா இருக்கியான்னு கேட்டான், என்றேன், திக்குனானாக்கா, என்று கேட்டாள், குரல் அப்படியே தாழ்ந்துபோய், பயந்துபோய்க் கேட்டாள், நான் கொஞ்சமும் யோசிக்காமல், இல்ல, திக்கவே இல்ல, என்றேன், உடனே அவள் கண் நிறைந்தது, குழாயடியில், ஈரத் தரையில், இரண்டு கையையும் குவித்து, விகாரையில் நல்லதைக் கேட்டால் சொல்வதுபோல, சாது, சாது, சாது, என்றாள், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், என் மகன் என்னிடம் திக்காமல் பேசிவிட்டான் என்று, என் பொய்யை, அவள் கும்பிட்டாள்.

அதன் பிறகு தினம், விடிந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, நேத்து வந்தானா அக்கா, என்று கேட்பாள், பல் விளக்குகிறேனோ சாணி தெளிக்கிறேனோ, முதல் குரல் அதுதான், வந்தான், என்பேன், இன்னா சொன்னான், என்பாள், ஆரம்பத்தில், மறைக்க மாட்டேன், தித்திப்பாக இருந்தது, ஆயுசுக்கும் ஓட்டையில் கண் வைத்து நின்றவள் நான், இப்போது அவள் தட்டியில் காது வைத்து நிற்கிறாள், அவளுக்குக் கனவு நின்றுபோயிற்று, எனக்கு இப்பல்லாம் வர்றதில்லக்கா, அதுக்கின்னா, வர வேண்டிய எடத்துக்குத்தானே வர்றான், என்று அவளே சொன்னாள், சொன்ன அன்று களி கிண்டி எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தனுப்பினாள், தின்றேன், ருசியாக இருந்தது, அவன் செய்ததுபோல நானும் கட்டைவிரலை நக்கிப் பார்த்தேன். சொல்வதற்குக் கனவு வேண்டுமே, எங்கே போவேன், என் வீட்டில் அவன் பேசியது மூன்று சொல், அவற்றை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது, ஆகவே தட்டி வழியாகக் கேட்டதையெல்லாம் எடுத்தேன், மேஸ்திரி குரலில் பேசிக் காட்டினான் என்றேன், பம்பரம் கேட்டான் என்றேன், ரயிலில் சீட்டுக் கிடைத்துவிட்டது என்று சிரித்தான் என்றேன், நீல விளிம்புத் தட்டில் களி தின்றான் என்றேன், கட்டைவிரலை நக்கி ஆ என்றான் என்றேன், அவள் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் சாது என்பாள், ஒருநாள் சிரித்துக்கொண்டே, உன் கனவுல அவன் எப்பவும் என் வூட்டுத் தட்டுலதான் சாப்புடறான் இல்லக்கா, என்றாள்.

எனக்குச் சாணி வாளி கையிலிருந்து நழுவிற்று. அன்று முழுதும் அவள் முகத்தைத் தேடினேன், கிண்டலா, தெரிந்துகொண்டு சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, அவள் எப்போதும்போலத் துணி உலர்த்திக்கொண்டு, சுரங்கக் கழிவு கொட்டிய சைனைட் மேட்டிலிருந்து காற்று அள்ளிவந்த சாம்பல்தூசியை உதறி உதறித் திட்டிக்கொண்டு இருந்தாள், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, மறுநாள் காலை அதே குரல், நேத்து வந்தானா அக்கா. வரவில்லை, ஒருநாளும் வரவில்லை, அவன் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துப் பார்த்தேன், படுக்குமுன் பேரைச் சொல்லிப் பார்த்தேன், கனவில் எல்லாரும் வருகிறார்கள், புருஷன் வந்து தன் தலைவிளக்கைத் தேடுகிறார், பாக்கியம் வந்து குழாயடியில் சண்டை போடுகிறாள், அமராகூட வருகிறாள், கை அந்தரத்தில் நிற்க என் பின்னால் வருகிறாள், அவன் மட்டும் இல்லை, சிலசமயம் நான் இட்டுக்கட்டியதை நானே நம்பிவிடுகிறேன், நேற்று வந்தானே, வாசலில் நின்று அம்மா பம்பரம் என்று கேட்டானே, தெளிவாகக் கேட்டானே, என்று பாத்திரம் தேய்க்கும்போது மனம் குளிர்கிறது, பிறகு அது அவள் வாசல், அவள் பம்பரம், அந்தச் சொல்லுக்கு முன்னால் அங்கே ஒரு முறம் ஓடிக்கொண்டிருந்தது, அது என் கனவில் இல்லை, என்று ஞாபகம் வரும்போது, கரித் துணியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.

போன மாதப் பௌர்ணமிக்கு விகாரையில் பிக்கு முதிதையைப் பற்றிச் சொன்னார், அடுத்தவருக்குக் கிடைத்த நல்லதில் மகிழ்வது, ஒருத்தர் தானம் கொடுக்க, பக்கத்தில் நிற்கிறவர் மனசார சாது என்றால் அவருக்கும் அதே புண்ணியம், கொடுத்தவருக்கு ஒன்றும் குறையாது, என்றார், பாக்கியம் விடுவாளா, பந்தே, பக்கத்து வூட்டுல பிரிஜ்ஜு வாங்கிட்டாங்க, எனக்கு வயிறு எரியுது, எரியற வயித்தோட சாது சொன்னா அது செல்லுமா, என்று கேட்டாள், கூட்டம் கொல்லென்று சிரித்தது, அவரும் சிரித்தார், எரியட்டும்மா, எரியறப்பவே சொல்லுங்க, என்றார், பொறாமை புடிச்சவங்க கண்ணு ரொம்பக் கூர்ப்பு, அடுத்த வூட்டு நல்லதுல ஒரு பருக்கைகூட அதுக்குத் தப்பாது, முதிதைக்கும் அதே கண்ணுதான் வேணும், புதுசாக் கண்ணு வாங்க வேணாம், பாத்ததும் வாயி இன்னா சொல்லுதுன்னு மட்டும் பாத்துக்குங்க, என்றார். எனக்கு யாரோ தட்டியைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டதுபோல இருந்தது, அந்த ஓட்டை, அந்தக் கட்டைவிரல், பெயர்ந்த தட்டோரம், என் பிள்ளையை இவ்வளவு நுணுக்கமாக நான் பார்த்தது அந்த எரிச்சலில்தான், எரிச்சல் இல்லாதிருந்தால் எனக்கு அவனில் மூன்று சொல்தான் மிஞ்சியிருக்கும், அத்தனையும் பார்த்தேன், அவன் சந்தோஷமாக இருந்த ஒவ்வொரு நாளையும் பார்த்தேன், ஒருநாளாவது, என் பிள்ளை சிரிக்கிறான், பேசுகிறான், அது எந்த வீடாக இருந்தால் என்ன என்று வாய் திறந்து சாது சொல்லவில்லை. கண்ணை மூடுங்கள், நல்லது கிடைத்த ஒருத்தரை நினைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லுங்கள், என்றார் பிக்கு, நான் கண்ணை மூடினேன், யாரை நினைப்பது, வந்தவள் அவள்தான், அவளுக்கு என்ன நல்லது இருக்கிறது இப்போது, இருந்த ஒரு கனவையும் நான் வாங்கிக்கொண்டேனே, என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் முணுமுணுப்பு, அமராவுக்கு உதட்டை அசைக்காமல் எதையும் நினைக்கத் தெரியாது, அக்காவுக்கு வர்ற கனவு கொறையாம இருக்கட்டும், அக்காவுக்கு வர்ற கனவு கொறையாம இருக்கட்டும், என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கண்ணை இறுக மூடி, கழுத்து லேசாக நடுங்க, தவலையைத் தூக்கி இடுப்பில் வைத்த அன்று நடுங்கிய அதே கழுத்து.

எழுந்து வெளியே வந்துவிட்டேன், கால் மரத்துப்போச்சு என்றேன் கேட்டவர்களிடம். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், நேத்து வந்தானா அக்கா, என்று குரல் வருகிறது, அந்தக் குரலில் இருக்கிற ஆசை, ராத்திரி முழுதும் அதற்காகவே காத்திருந்தமாதிரி, அதைக் கேட்டதும் என் வாய், வந்தான், என்கிறது, வந்தான் என்று சொல்லாவிட்டால் அவளுக்கு அவன் இன்னொரு தடவை செத்துப்போவான், சொன்னால் நான் அவளிடம் திருடியதையே அவளுக்குப் பிச்சை போடுகிறேன், எதைச் செய்தாலும் குற்றம், ஆகவே வருஷம் வரட்டும், தண்ணீர் அவள் கையால் விழட்டும், அவன் அவளிடமே திரும்பப் போகட்டும், என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன், இப்போது பார்த்தால் அவள் கெண்டியை என் பக்கம் தள்ளுகிறாள், அவன் உன்கிட்டதானேக்கா வர்றான், என்கிறாள், ரெண்டு பேரும் சேந்துதான் புடிங்களேன், அம்மா தாயே, பசிக்குது, என்கிறாள் பாக்கியம், பிக்கு இப்போது கண்ணைத் திறந்துவிட்டார், என்னைப் பார்க்கிறார், நான் கையை விட்டுவிட்டேன். கெண்டியின் கனம் முழுதும் திடீரென்று அவள் கையில் விழ, அக்கா, என்று தடுமாறிப் பிடித்துக்கொண்டாள், உன் கையால ஊத்துனாதான் அவனுக்குப் போவும், புடி, என்று சொல்லிவிட்டு, முட்டி கடகடக்க எழுந்து, எல்லாரும் பார்க்க, அவள் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

கையைத் தூக்கினேன், அவள் தோளுக்கு மேலே ஒரு விரற்கடையில் அது நின்றுவிட்டது, அன்று அவள் கை நின்ற அதே உயரத்தில், அவள் உதறவில்லை, இருந்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது, என் கைக்கே கூச்சம், அவள் லேசாகப் பின்னால் சாய்ந்தாள், முதுகு வலியோ, வேண்டுமென்றேதானோ, அவள் தோள் வந்து என் உள்ளங்கையில் பட்டது, துவைத்துத் துவைத்து நைந்த ரவிக்கை, அதற்கடியில் சின்ன எலும்பு, இவ்வளவு சின்ன எலும்பா, இத்தனை வருஷம் நான் இதனோடா மல்லுக்கு நின்றேன், பின்னாலிருந்து பாக்கியத்தின் கனத்த கை என் தோளில் விழுகிறது, அதற்குப் பின்னால் கொலுசுச் சத்தமும் வளையல் சத்தமும் வாசல்வரை ஒவ்வொன்றாக இணைகின்றன, பிக்கு ஓதத் தொடங்குகிறார், கெண்டி சாய்கிறது, தண்ணீர் நூலாக இறங்குகிறது, சொர்ர் என்று ஒரே சீராக, எனக்கு அது முறம், தட்டிக்கு அப்பால் அரிசி புடைக்கிற முறம், யாரோ ஒரு பிள்ளை முகம் சிவந்து நிற்கிறான், கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறான், யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை, அமரா, என்றேன், அவள் காதுக்கு மட்டும், அவள் திரும்பவில்லை, கை ஆடாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அவன், எனக்கு அவன் ஒரு, ஒரு, என்று தொண்டைக்குள் சொல் முட்டிக்கொண்டு நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது, இப்படித்தான் இருந்ததாடா உனக்கு, நாலு வயதில், என் முன்னால் நின்றபோது, கிண்ணம் பாதி நிறைந்துவிட்டது, இன்னாக்கா என்று அவள் கேட்கவில்லை, நான் விட்ட சொல்லை எடுத்து முடிக்கவும் இல்லை, காதை மட்டும் என் பக்கம் ஒரு நூல் சாய்த்துக்கொண்டு, தண்ணீர் அறுபடாமல், தன் பாட்டுக்கு ஊற்றுகிறாள், எத்தனை நேரமோ, கிண்ணத்தின் விளிம்பில் தண்ணீர் திரண்டு நின்று, நடுங்கி, வழிந்து, தட்டில் இறங்கியது.

எனக்கு அவன் ஒருநாளும் வரலடி அமரா, உன்கிட்ட வந்தா, காலைல எனக்குச் சொல்றியா?